கசிவில்லாத மூச்சு

"கசிவு உள்ளது. முகமூடியைச் சரிசெய்யவும்."

"நீ முதல்ல வாய மூடு."

"கசிவு உள்ளது. முகமூடியைச் சரிசெய்யவும்."

"ஏட்டி சத்தி! இத வந்து அமத்துதியா, இல்ல தூக்கிக் கெணத்துல போடவா?"

பிரம்மசக்தி பீடித் தட்டை மடியிலிருந்து இறக்கிவைத்துவிட்டு உள்ளே போனாள். வெளியே முற்பகல் வெயில் காய்ந்தது. அறைக்குள் சன்னலில் போர்வையைத் தொங்கவிட்டு இருட்டாக்கியிருந்தது. இரவெல்லாம் திருநெல்வேலிக்கும் மதுரைக்குமாகப் பேருந்து ஓட்டிவிட்டு வருகிறவனுக்குப் பகல்தான் இரவு. அவள் புருஷன் பலவேசம் கட்டிலில் மல்லாந்து கிடந்தான். மூக்கையும் வாயையும் சேர்த்து மூடிய ரப்பர் முகமூடி, தலையைச் சுற்றி வார், அங்கிருந்து தரையில் இருக்கும் காற்றுப் பெட்டி வரை ஒரு குழாய். தெருவில் அதற்குத் தும்பிக்கை என்று பெயர் வைத்திருந்தார்கள். கன்னம் வரை படர்ந்த அவனுடைய மீசை முகமூடியின் விளிம்பைத் தூக்கிக்கொண்டு நின்றது. அந்த இடுக்கு வழியாகக் காற்று உஸ்ஸென்று பீறி நேராக இடது கண்ணில் அடித்தது. கண் மிளகாய்ப் பழமாகச் சிவந்திருந்தது.

"வார இன்னும் இறுக்கு."

"இறுக்குனா இன்னும் ஒழுவும்னு அந்த டிப்போ மேடம் சொன்னாவல்லா?"

"அவ சொல்லுவா. அவளுக்கு மீசையா இருக்கு?"

"வயித்த ஏன் இப்படிப் பிடிச்சிருக்கீய?"

"காத்து பூரா வயித்துக்குள்ள போயிட்டு. தொண்ட வறண்டு நாக்கு அண்ணத்துல ஒட்டுது. இதுக்குப் பேரு வைத்தியமாம்!"

பெட்டி தன் வேண்டுகோளை மறுபடியும் மரியாதையாகச் சொன்னது. பலவேசம் முகமூடியைப் பிடுங்கி எறிந்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான். சற்று நேரத்தில் குறட்டை கிளம்பியது. கிளம்பி, உயர்ந்து, நடுவில் அப்படியே நின்றுபோனது. பிரம்மசக்தி வாசல்நிலையில் நின்று காத்திருந்தாள். இத்தனை வருஷம் பார்த்தும் அந்த இடைவெளி அவளுக்குப் பழகவில்லை. பிறகு தண்ணீருக்குள்ளிருந்து தலையைத் தூக்குகிறவன்போல அவன் மூச்சை இழுத்தான். அவள் பீடித் தட்டுக்குத் திரும்பினாள்.

தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிற நோய் அவனுக்கு மட்டும் இருக்கவில்லை. ஓட்டுநர்கள் கண்ணயர்ந்து பேருந்துகள் கவிழ்ந்த பிறகு உறக்கச் சட்டம் வந்தது. ஓட்டுகிறவன் தூங்கினானா என்று இனி அவன் சொல்ல வேண்டாம், பெட்டி சொல்லும். பெட்டி சரியென்றால்தான் பேருந்தின் எஞ்சின் உயிர்பெறும். செந்தடம் பேருந்து நிறுவனம் தன் ஓட்டுநர்களுக்கெல்லாம் பெட்டி கொடுத்தது. முகமூடியை ஒரே அளவில் மொத்தமாக வாங்கியது. முகங்களைத்தான் ஒரே அளவில் வாங்க முடியவில்லை.

அன்று சாயந்தரம் பலவேசம் சாவியைத் திருப்பியபோது வண்டி அசையவில்லை.

"என்ன டிரைவரே, தூக்கம் பத்தலியாம்லா? வீட்டுல ரொம்ப வேலையோ?" என்றார் முன் இருக்கைக்காரர். வண்டியே சிரித்தது. வேறொரு ஓட்டுநர் வந்து வண்டியை எடுத்துப்போனார்.

மறுநாள் காலையில் புருஷனும் பெண்டாட்டியும் டிப்போ மாடியில் உறக்க அலுவலரின் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். அலுவலர் ஜாய்ஸ் சின்ன வயசுக்காரி. கணினியைப் பார்த்தபடியே பேசினாள்.

"ஒரு மணி நேரந்தான் கணக்குல வந்திருக்கு அண்ணாச்சி. மிச்சமெல்லாம் கசிவு. கசிஞ்ச தூக்கம் தூக்கத்துல சேராது."

"மூக்குக்கு மட்டும் மாட்டுறது ஒண்ணு இருக்காமே மேடம்?"

"இருக்கு. கம்பெனி வாங்கல. வாங்கினாலும் உங்களுக்கு ஆகாது. நீங்க வாயால மூச்சு விடுறீங்க."

"கபடியில ஒருத்தன் முழங்கையால மூக்க ஒடச்சிட்டான் மேடம். அவன் இப்பம் நல்லாத் தூங்குதான்."

"அப்ப ஒரே வழிதான். மீசைய எடுத்துருங்க."

பலவேசத்தின் கை மீசைக்குப் போனது. பிரம்மசக்திதான் சொன்னாள்: "அவுக எங்க கோயில்ல சொடலைக்கு ஆடுத கோமரத்தாடி, மேடம்."

"தெரியும்க்கா, நானும் இந்த ஊருக்காரிதான்."

"ஆடிக் கொடைத் திருவிழாவுல சாமியோட ஈட்டி, அந்த வல்லயத்தப் பிடிச்சி நிக்கணும். மீசை இல்லாம சொடல எப்படி மேடம் வருவாரு?"

"கொடைக்கு இன்னும் மாசக்கணக்கா இருக்கே?"

"இப்பம் எடுத்தா அதுக்குள்ள இந்த அளவுக்கு வளருமா? இந்தக் கொடையோட வல்லயத்த அவுக அண்ணன் மகன் கையில குடுத்துருவாக. பொறவு எடுத்துக்கிடட்டும்."

ஜாய்ஸ் பெருமூச்சு விட்டாள். பிறகு, எல்லோரிடமும் சொல்கிற பாடத்தை இவர்களிடமும் சொன்னாள். "ஒண்ண மட்டும் நல்லாக் கேட்டுக்கோங்க. ஒருத்தருக்குப் பதிலா இன்னொருத்தர் மாட்டிக்கிட்டுத் தூங்கக் கூடாதுன்னு பெட்டியில ஏற்பாடு இருக்கு. கசிவில்லாத மூச்சு கெடச்சா பெட்டி அதப் படிக்கும். படிச்சி முடிச்சிட்டா அந்த மூச்சத் தவிர வேற மூச்ச ஏத்துக்காது. கைரேக மாதிரி."

"மூச்சுல ரேகையா!" பலவேசம் முதல்முறையாகச் சிரித்தான். "அந்தா தொங்குதே, அது என்ன?"

மேசையோரத்தில் ஒரு ரப்பர் குழல் தொங்கியது.

"அது நல்லாத் தூங்குறவங்களுக்கு. அளவுக்கு மேல தூங்குனா மிச்சம் உங்க பேர்ல இருப்பா நிக்கும். ஒரு நாள் பதிவு இல்லாம வண்டி பூட்டிக்கிட்டா, இங்க வந்து இந்தக் குழல்ல ஒரு ஊது. நீங்கதான்னு தெரிஞ்சா இருப்புல கழிச்சிக்கிட்டுப் பூட்டு தெறக்கும். உங்களுக்கு அந்தக் கவலை இல்ல அண்ணாச்சி. உங்க இருப்பு சைபர்."

படியிறங்கும்போது பலவேசம் கேட்டான்: "ஏட்டி, உனக்குத்தான் மீசை இல்லியே?"

"என்ன சொல்லுதீய?"

"கொடை முடியுத வரைக்கும் நீ மாட்டிக்கிட்டுப் படு. நான் மச்சுல படுத்துக்கிடுதேன்."

"அந்த மேடம் இப்பந்தான ரேக கீகன்னு சொன்னாவ?"

"கம்பெனிக்காரன் பயங்காட்டுததுக்கு ஆயிரம் சொல்லுவான். எல்லா மூச்சும் காத்துதான. கொடை முடிஞ்சதும் மீசைய எடுக்கேன், நானே மாட்டுதேன். அதுவரைக்கும் வேல நிக்கணுமா வேண்டாமா?"

அவளுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. தெய்வத்துக்கும் குறையில்லை, வேலைக்கும் குறையில்லை. இடையில் ஒரு பொம்பிளை படுத்து எழ வேண்டும், அவ்வளவுதானே.

முதல் நாள் அவள் முகத்திலும் கசிந்தது. இடது மூக்கில் ஏழுகல் மூக்குத்தி. அவள் தாலி கட்டிக்கொண்ட நாளிலிருந்து கழற்றாதது. முகமூடியின் ரப்பர் அதில் இடறிக்கொண்டு நின்றது.

"கழத்திரு" என்றான் பலவேசம்.

"சுமங்கலி மூக்குத்தியக் கழத்தச் சொல்லுதீய."

"கொடை வரைக்குந்தானட்டி."

"உங்க மீசைக்குச் சாமி இருக்கு. என் மூக்குத்திக்கு ஆரு இருக்கா?"

அவன் சோப்பை எடுத்துவந்து நீட்டினான். சோப்புத் தண்ணீர் தடவித் திருகாணியைச் சுழற்ற வேண்டியிருந்தது. சதையோடு ஒட்டியிருந்த மூக்குத்தி சின்னதாக ரத்தம் காட்டிக்கொண்டு வெளியே வந்தது. அதை மஞ்சள் துணியில் முடிந்து சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்தாள். முகமூடியை மாட்டிக்கொண்டு படுத்தாள். பெட்டி வாய் திறக்கவில்லை. ரப்பர் விளிம்பு அவள் கன்னத்தோடு பசை வைத்ததுபோல உட்கார்ந்தது. எந்த ஊரிலோ, எந்த முகத்தையோ வைத்து வார்த்த முகமூடி, இங்கே சோற்றுப் பானையும் பீடித் தட்டுமாக இருந்த ஒருத்தியின் முகத்துக்கென்று செய்ததாக இருந்தது.

விழித்தபோது அறை வேறு மாதிரி இருந்தது. எதுவும் மாறவில்லை, ஆனால் எல்லாம் துலக்கிவைத்ததுபோல இருந்தது. தலை வலிக்கவில்லை. எழுந்தவுடன் தலை வலிப்பதுதான் மனுசருக்கு இயல்பு என்று அவள் அதுவரை நினைத்திருந்தாள்.

பக்கத்து வீட்டுக் கோமு பார்த்ததும் கேட்டாள். "என்ன மதினி, மூஞ்சி பளிச்சின்னு இருக்கு? மூக்குல ஒண்ணத்தயும் காணோம்? அண்ணாச்சி அடகு வச்சிட்டாவளோ?"

"புண்ணு. ஆறட்டும்னு கழத்தி வச்சிருக்கேன்."

"கன்னத்துல என்ன கோடு?"

"பாய் அழுந்திட்டு."

"நீரு தட்ட மடியில வச்சிக்கிட்டே தூங்கி விழுவீரே, எங்க மாமியா தூங்குமூஞ்சின்னுல்லா சொல்லுவாவ. இப்பம் சுறுசுறுன்னு சுத்துறீரு!"

தூங்குமூஞ்சி. பிறந்த வீட்டிலும் அந்தப் பெயர்தான், புகுந்த வீட்டிலும் அதுதான். அடுப்பில் பால் பொங்கும்போது கண்ணயர்ந்ததற்காக மாமியார் கரண்டிக் காம்பால் அடித்திருக்கிறாள். தூங்கினாலும் தூங்காதவளாக ஒரு ஆயுசே கழிந்திருந்தது. அடுத்த முறை சாயந்தரம் பலவேசத்துக்கு ராச்சாப்பாடு கொண்டுபோனபோது டிப்போ மாடியேறி ஜாய்ஸிடம் சும்மா கேட்பதுபோலக் கேட்டாள்.

"மேடம், இந்த மூச்சு நிக்கிற சீக்கு பொம்பளைகளுக்கு வராதோ?"

"நல்லா வரும்க்கா."

"பின்ன அவியளுக்குப் பெட்டி குடுக்கலியே?"

"அவங்க பஸ் ஓட்டலியே" என்றாள் ஜாய்ஸ். சொல்லிவிட்டுப் பிரம்மசக்தியின் முகத்தைச் சற்று நேரம் பார்த்தாள். முகமூடி அணிகிறவர்களுக்கு மூக்கின் மேட்டிலிருந்து கன்னம் வழியாக ஒரு சிவந்த கோடு விழும். ஜாய்ஸின் முகத்திலும் அது இருந்தது. நிறுவனம் அவளையும் அளந்துகொண்டுதான் இருந்தது. "இருட்டப் போகுது, பாத்துப் போங்க" என்று மட்டும் சொன்னாள்.

பலவேசத்தின் பெயர் டிப்போ வாசல் திரையில் முதலாவதாக வந்தது. உறக்கத்தில் முதலிடம். மேலாளர் தோளில் தட்டினார். கண்டக்டர் கனி வீட்டுக்கே வந்து சிரித்தான்.

"மைனி, அண்ணாச்சி ராசாவாயிட்டாவ! இருப்பு மட்டும் ரெண்டு மாசத்துக்குத் தாங்குமாம். தூங்காமலே வண்டி ஓட்டலாம்."

"வாயக் கழுவு, கனி."

"வெளையாட்டுக்குச் சொன்னேன். ஆனா ஒண்ணு, வார ஓய்வு போச்சு. 'நல்லாத் தூங்குதவனுக்கு எதுக்குவே ஓய்வு'ங்கிறாரு மேலாளர். மதுரை நடைய திண்டுக்கல் வரைக்கும் நீட்டிட்டாரு."

அவள் அறைக்குள் காற்றை வாங்கிக்கொண்டு தூங்கத் தூங்க, மச்சில் அவன் மூச்சு முட்டிப் புரண்டான். அவள் தூங்கியதற்கெல்லாம் அவனுக்கு வேலை கூடியது. ஒரே வீட்டில் ஒருத்தி நிறைந்தாள், ஒருத்தன் வடிந்தான். சாப்பிடும்போது கை சோற்றிலேயே நின்றுவிடும். "ஏங்க" என்று அவள் தொட்டால் திடுக்கிட்டு, "பிரேக் போட்டாச்சு" என்பான்.

ஆடிக் கொடை வந்தது. பலவேசம் வல்லயத்தைப் பிடித்துக் கடைசித் தடவையாக நின்றான். மேளம் ஏறியது, குலவை ஏறியது, அவன் மேல் சாமி வந்து மயானம் வரை ஓடிப்போய்த் திரும்பியது. மறுநாள் அண்ணன் மகனின் கையில் வல்லயத்தைக் கொடுத்தான். கொடுத்த கை வெகுநேரம் காற்றிலேயே நின்றது. பிறகு சலூனுக்குப் போய் மீசையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். மேலுதடு மட்டும் வெளிறிக்கிடந்தது.

"எப்படிட்டி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு."

"பொய் சொல்லாத."

"கல்யாணத்துக்கு முந்தி உங்க போட்டோல இருந்த மாதிரி இருக்கு. போதுமா? வாங்க, வந்து படுங்க. இனி உங்க தூக்கத்த நீங்களே தூங்குங்க."

அவளே முகமூடியை மாட்டி, அவள் கற்றுக்கொண்ட மாதிரியே வாரைத் தளர விட்டுப் பொருத்தினாள். மீசை போன முகத்தில் ரப்பர் சீராக உட்கார்ந்தது. கசிவில்லை. பலவேசம் கண்ணை மூடினான். ஆழமாக ஒரு மூச்சு, இன்னொரு மூச்சு. அவன் நெற்றிச் சுருக்கம் அவிழ்வதை அவள் பார்த்தாள்.

"வேறொருவர் மூச்சு. உரியவர் அணியவும்" என்றது பெட்டி. காற்று நின்றது.

கழற்றி மாட்டினார்கள். பெட்டியை அணைத்துப் போட்டார்கள். அவன் மெதுவாக விட்டுப் பார்த்தான், வேகமாக விட்டுப் பார்த்தான், அவளைப்போல விட்டுப் பார்த்தான்.

"வேறொருவர் மூச்சு. உரியவர் அணியவும்."

"நாந்தாம்ல பலவேசம்! என் பேருல உள்ள பெட்டி நீ!"

"உரியவர் அணியவும்."

"அந்த மேடத்துக்கிட்ட சொல்லி மாத்திக்கிடுவோம்."

"என்னன்னு சொல்லுவ? இம்புட்டு நாளும் தூங்குனது என் பொண்டாட்டின்னா? லைசென்ஸப் பிடுங்கிக்கிட்டு ரெண்டு பேரு மேலயும் கேசு போடுவாவ." அவன் முகமூடியைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தான். "நீயே மாட்டிக்கிட்டுப் படு. நான் மச்சுக்குப் போறேன்."

"மீசையும் போய்..."

"படுன்னு சொன்னேன்."

அவள் படுத்தாள். அன்று நன்றாகவே தூக்கம் வந்தது. எழுந்த பிறகு மச்சுப் படியைப் பார்க்க அவளுக்குக் கூசியது.

ஆவணித் திருவிழாவுக்குச் சனம் பச்சை வேட்டியும் பச்சைப் புடவையுமாகத் திருச்செந்தூருக்கு நடந்துகொண்டிருந்த சமயம் அது. ஒரு நாள் காலை பலவேசம் வந்து, நேரே மச்சேறிப் படுத்துவிட்டான். பின்னாலேயே கனி வந்தான். வழக்கமாக உள்ளே வந்து காப்பி கேட்கிறவன் வாசலோடு நின்றான். கையில் ஒரு மஞ்சள் துணிப்பை.

"என்ன கனி அது?"

"வண்டியோட பக்கக் கண்ணாடிக் கம்பியில தொங்கிக்கிட்டு வந்துது மைனி."

"யாருது?"

"கயத்தாறு தாண்டி வாரோம். ரோட்டோரமா நடைக்காரங்க வரிசையாப் போறாங்க. வண்டி மெல்ல அவங்க பக்கமாச் சாயுது. நான் அண்ணாச்சி ஒதுக்குறாவன்னு நெனச்சேன். பாத்தா கண்ணு மூடியிருக்கு. கத்திக்கிட்டு ஓடிப் போயி ஸ்டியரிங்கப் பிடிச்சேன்."

"யாருக்கும்..."

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. ஒரு ஆளு தோள்ல இருந்த பைய மட்டும் கம்பி கொத்திக்கிட்டு வந்துட்டு. நிறுத்தல மைனி. நிறுத்த அவுகளுக்கும் தைரியமில்ல, எனக்கும் இல்ல."

அவன் பையைப் படியில் வைத்துவிட்டுப் போனான். அவள் உள்ளே பார்த்தாள். ஒரு தண்ணீர் பாட்டில், விபூதிப் பொட்டலம், பாதி தின்ற பிஸ்கட், ஒரு குழந்தையின் பச்சைப் பாவாடை. பாவாடையின் நாடாவில் முடிச்சு இன்னும் அவிழவில்லை. நடக்க முடியாமல் தூக்கிவந்த குழந்தையாக இருக்கும். பை தொங்கிய தோளுக்கு மறுதோளில் அது இருந்திருக்கும்.

பலவேசம் எழுந்து வந்தபோது அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"படுக்கலியா நீ? மணி என்ன ஆகுது? பெட்டியில இன்னிக்குப் பதிவு?"

"இல்ல. போடமாட்டேன்."

"விளையாடாத."

"நான் தூங்குனா நீங்க வண்டிய எடுத்துருவீய. அதனால தூங்கமாட்டேன்."

"வேல போயிரும்ட்டி."

"போட்டும். பீடி சுத்துதேன். நீங்க டீக்கடையில நில்லுங்க. உயிரோட நில்லுங்க."

"டீக்கடையில யாரு நிப்பா? வல்லயம் பிடிச்ச கை இது. சாமியக் குடுத்தேன், மீசையக் குடுத்தேன். ஸ்டியரிங்கயும் குடுத்துட்டா பின்ன நான் ஆருட்டி?"

"கண்ண மூடிக்கிட்டு ஓட்டுதவரு ஆரு? அத முதல்ல சொல்லுங்க."

அவன் கை ஓங்கினான். பிறகு அந்தக் கையாலேயே சட்டையை எடுத்து மாட்டினான். "இருப்பு கிடக்கு. ரெண்டு மாசத்துக்குக் கிடக்கு. நீ தூங்காட்டா என்ன?" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிப்போனான்.

கனி விளையாட்டாகச் சொன்னது அவள் நினைவுக்கு வந்தது. தூங்காமலே ஓட்டலாம். அவள் பையை எடுத்துக்கொண்டு டவுன் பஸ் ஏறினாள்.

டிப்போவில் அவன் வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. பயணிகள் உள்ளே வியர்த்துக்கொண்டு கண்டக்டரைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். பலவேசம் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து நேரே பார்த்துக்கொண்டிருந்தான். பூட்டு திறக்கவில்லை. அவளுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. அவன் பார்க்காத பக்கமாக மாடியேறினாள்.

ஜாய்ஸ் தொலைபேசியில் யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். "சார், பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன் சார். அஞ்சு நிமிசம் சார்." வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "வாங்கக்கா. அண்ணாச்சி மூணு தடவ ஊதிட்டாரு. வேறொருவர்னு வருது. குழல்ல ஈரம்னு சொல்லி அனுப்பியிருக்கேன்."

"குழல்ல ஈரமில்ல மேடம். அது அவுக மூச்சு இல்ல. பெட்டி படிச்சது என் மூச்சு."

ஜாய்ஸ் எழுந்து கதவைச் சாத்தினாள்.

"உட்காருங்க."

"உட்கார வரல. எழுதுங்க. மாசக்கணக்காத் தூங்குனது நானு. அவுக தூங்கல. அவுக பேருல கிடக்க இருப்பு பூரா என் தூக்கம். இந்தா பாருங்க." பையைக் கணினியின் பக்கத்தில் வைத்து, பச்சைப் பாவாடையை எடுத்து மேசைமேல் விரித்தாள். "இது இன்னிக்கு வண்டியில மாட்டிக்கிட்டு வந்துது. நாளைக்கு இதுக்குள்ள ஒரு புள்ளையும் சேந்து வரும்."

ஜாய்ஸ் பாவாடையைத் தொடவில்லை. "எழுதினா என்ன ஆகும்னு தெரியுமா? அண்ணாச்சிக்கு ஆயுசுக்கும் லைசென்ஸ் கிடையாது. ஆள்மாறாட்டம்னு உங்க ரெண்டு பேர் மேலயும் கேஸ்."

"தெரிஞ்சுதான் வந்திருக்கேன்."

"எனக்கு என்ன ஆகும்னு தெரியுமா?"

பிரம்மசக்திக்கு அது தெரியவில்லை. அதை அவள் யோசித்திருக்கவில்லை.

"அண்ணாச்சி மூஞ்சில அந்தக் கோட்ட நான் ஒரு நாளும் பாத்ததில்லக்கா. உங்க மூஞ்சில பாத்தேன். இந்த டிப்போவுல சோறு கொண்டு வர்ற எத்தன பொம்பளைங்க மூஞ்சில பாத்திருக்கேன் தெரியுமா? ஒரு வீட்டுல மக தூங்குறா. ஒரு வீட்டுல வேலைக்கு ஆள் வச்சுத் தூங்குறாங்க."

"பாத்தும் சும்மாவா இருந்தீய?"

"எங்க டிப்போதான் மாநிலத்துல முதலிடம். என் வேலையே அந்த இடந்தான்."

கீழே பயணிகள் பேருந்தின் பக்கத் தகட்டைத் தட்டத் தொடங்கினார்கள். தொலைபேசி மறுபடியும் அடித்தது. ஜாய்ஸ் எடுக்கவில்லை.

"எழுதுவீயளா மாட்டீயளா?"

"எழுதுறேன்." ஜாய்ஸ் கணினியைத் தன் பக்கம் திருப்பினாள். குரல் அலுவலகக் குரலாகியிருந்தது. "ஆனா நீங்க வாயால சொன்னத வச்சி எழுத முடியாது. நாளைக்கு அண்ணாச்சி வந்து, பொண்டாட்டிக்குக் கிறுக்குன்னு சொல்லிட்டா? நிரூபணம் வேணும்."

"என்ன நிரூபணம்?"

ஜாய்ஸ் மேசையோரத்துக் குழலை எடுத்து நீட்டினாள். "ஊதுங்க. பெட்டி படிச்சது உங்க மூச்சுதான்னா இது காட்டிக்கொடுத்துரும்."

பிரம்மசக்தி குழலை வாங்கிக்கொண்டாள். மூக்குத்தி இல்லாத மூக்கைத் தன்னையறியாமல் ஒரு தடவை தொட்டுக்கொண்டாள். இத்தனை மாதம் தூங்கித் தேறிய நெஞ்சு. மூச்சு நீளமாக, நிறைவாக, எங்கும் சிந்தாமல் வந்தது.

"பலவேசம்" என்றது கணினி. "உறுதி செய்யப்பட்டது. இருப்பிலிருந்து கழிக்கப்படுகிறது. நன்றி."

"பாத்தீயளா?" என்றாள் பிரம்மசக்தி. "நாந்தான்னு சொல்லிட்டுல்லா? எழுதுங்க."

ஜாய்ஸ் அவளைப் பார்க்கவில்லை. சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே எஞ்சின் ஒரே திருப்பில் பிடித்துக்கொண்ட சத்தம் கேட்டது. பயணிகள் கைதட்டினார்கள்.

"மேடம். மேடம், நிறுத்தச் சொல்லுங்க."

"என்னன்னு சொல்லி நிறுத்த? பலவேசம் வந்து ஊதியாச்சுன்னு அது எழுதிட்டு. அதுக்கு மேல நான் எதையும் எழுத முடியாதுக்கா." ஜாய்ஸ் பாவாடையை மெதுவாக மடித்துப் பைக்குள் வைத்தாள். "பயப்படாதீங்க. போய்ச் சேந்துருவாரு."

பிரம்மசக்தி சன்னலுக்கு ஓடினாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டாள். எஞ்சின் இரைச்சலில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. வண்டி பின்வாங்கித் திரும்பும்போது பலவேசம் தற்செயலாக நிமிர்ந்தான். உறக்க அலுவலரின் சன்னலில் நிற்கிற பெண்டாட்டியைப் பார்த்தான். தனக்காக ஊதிக்கொடுக்கத்தான் அவள் வந்திருக்கிறாள் என்று அவன் சட்டென்று எடுத்துக்கொண்டான். மீசையில்லாத முகம் முழுக்க ஒரு சிரிப்பு வந்தது. தன் கோபம் தணிந்துவிட்டதென்று அவளுக்குத் தெரிய வேண்டுமே என்று ஒரு கையைத் தூக்கிக் காட்டினான்.

பிறகு அவளுக்காக ஹாரனை ஒரு தடவை நீளமாக அடித்துவிட்டு, டிப்போ வாசலைத் தாண்டி மதுரை ரோட்டில் திரும்பினான்.